வேர்ப்பலா

கார்த்திகை மாதத்தில் பலாப்பழம் மணக்காது. கேதீஸ்வரிக்கு அது தெரியும். ஆனாலும் அன்று விடிய, கணவனின் சாரத்தை மாற்றுவதற்காகக் கட்டிலோரம் குனிந்தபோது, டெற்றோல் நெடிக்கும் மழைக்குக் காயாமல் கிடந்த துணிகளின் புழுங்கல் மணத்துக்கும் கீழே, நன்றாகப் பழுத்து வெடித்த பழத்தின் தடித்த இனிப்பு வாசம் அறைக்குள் அசையாமல் நின்றது.

யன்னலால் எட்டிப் பார்த்தாள். சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, நனைந்து கறுத்த அடிமரத்தோடு பலா நின்றது. அதில் பழமும் இல்லை, பிஞ்சும் இல்லை. கடைசிப் பழத்தை ஆடியில் இறக்கியாயிற்று. குசினிக்குள் போய் மணந்து பார்த்தாள், விறாந்தைக்குப் போய் மணந்து பார்த்தாள். எங்கும் இல்லை. அறைக்குத் திரும்பி வந்து, நின்றபடி ஒரு தரமும், முழங்காலில் இருந்தபடி ஒரு தரமும் மூச்சை இழுத்துப் பார்த்தாள். கீழே போகப்போக வாசம் கூடியது. கட்டிலுக்கு அடியில் அது மூக்கை அடைத்தது.

கட்டிலில் அருளம்பலம் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். பங்குனி மாதம் வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தபோது பாரிசவாதம் அடித்து விழுந்தவர். வலப்பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கையும் கண்களும்தான் மிச்சம். எல்லாம் அவருக்கு விளங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும், முதுகில் வந்த படுக்கைப் புண்ணைக் கழுவி மருந்து கட்டவும் கேதீஸ்வரி பழகியிருந்தாள். ஒரே மகள் ஆரபி கனடாவில். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"இஞ்சருங்கோ, உங்களுக்கும் மணக்குதோ?" என்று கேட்டாள்.

அவர் கண்களை முகட்டிலிருந்து எடுத்து யன்னல் பக்கம் திருப்பினார்.

கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது விளக்குமாறு எதிலோ தடக்கியது. ரோர்ச் அடித்துப் பார்த்தாள். அவருடைய கால்மாட்டுக்கு நேர் கீழே, சிவப்புச் சீமெந்து நிலம், கவிழ்த்து வைத்த சட்டி அளவுக்கு மேலே எழும்பியிருந்தது. அதன் நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். மழைக்காலத்தில் நிலமெல்லாம் குளிர்ந்து கிடக்க, அந்த இடம் மட்டும் காய்ச்சல்காரனின் நெற்றியைப் போலச் சுட்டது.

அப்போதும் அவள் பெரிதாகப் பயப்படவில்லை. முற்றின பலா வேரிலும் காய்க்கும். மண்ணுக்குள்ளேயே பழுத்து, நிலம் பிளந்து மணக்கும்போதுதான் ஆட்களுக்குத் தெரியவரும். வேர்ப்பலா என்பார்கள். இணுவிலில் இந்த ஒழுங்கைக்கே மூத்த மரம் இது. சண்டைக்கு இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடம் வீட்டுக்குக் கூரை இல்லை, ஆனால் மரம் நிறையக் காய் இருந்தது. இரண்டு மாதம் அதை அவித்துத்தான் சாப்பிட்டார்கள். அதனால்தான் அறையைக் கூட்டிக் கட்டியபோது மேசன் எவ்வளவு சொல்லியும் அருளம்பலம் மரத்தைத் தறிக்க விடவில்லை. வேர் அறைக்குள் வந்ததில் என்ன புதினம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, வெண்கட்டியால் அந்த மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் பார்த்தபோது வட்டத்துக்குள் நிலம் தட்டையாக இருந்தது. மேடு அதிலிருந்து இரண்டு முழம் தள்ளி, அவருடைய இடுப்புக்கு நேர் கீழே இருந்தது.

பழம் இடம் மாறாது.

அன்றைக்கே குடையை எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் போனாள். கோபிகா என்ற அந்தப் பிள்ளை வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். படிவத்தை மேசை லாச்சிக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள்.

"பலா, ஈரப்பலா, பனை, இதுகளை பெர்மிட் இல்லாமல் வெட்டேலாது அன்ரி. இதை நிரப்பித் தந்தால் நான் சிபாரிசு எழுதிப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவன். அவை வந்து பாப்பினம்."

"எவ்வளவு நாள் செல்லும் பிள்ளை?"

"ஒரு மாசம். சிலவேளை ரெண்டு."

மரத்தின் வயது, அடிமரச் சுற்றளவு, வீட்டிலிருந்து தூரம் எல்லாம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'வேர் அறைக்குள் நடமாடுகிறது' என்று எழுதப் போன கையை நிறுத்தி, 'வேர் அறைக்குள் வருகிறது' என்று எழுதினாள். கோபிகா வாசித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"உப்பிடி எழுதினால் பைலுக்கை கிடந்துபோம். மரம் விழக்கூடிய நிலையிலை இருக்கு, உயிராபத்து எண்டு எழுதுங்கோ. அப்பத்தான் கெதியாய் எடுப்பினம்."

கேதீஸ்வரி அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

செயலகத்து அதிகாரி வர மார்கழி பிறந்துவிட்டது. ஜெயரூபன் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல கலகலப்பு. தூறலுக்குள்ளே நின்று மரத்தைச் சுற்றி நாடா பிடித்தார், அடிமரத்தைத் தட்டினார், படம் எடுத்தார். "அருமையான மரம் அம்மா. உதைப் போய் வெட்டப் போறியளே?" என்று சிரித்தபடி அறைக்குள் வந்தவர் வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"பழம் வைச்சிருக்கிறியளோ?"

"இல்லைத் தம்பி. கட்டிலுக்குக் கீழை பாருங்கோ."

அவர் முழங்காலில் இருந்து உள்ளே குனிந்தார். மேடு இப்போது அருளம்பலத்தின் முதுகுக்கு நேர் கீழே, ஒரு கடகப் பெட்டியின் அளவில் இருந்தது. ஜெயரூபன் அதன்மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கையை இழுத்து எடுத்து, காற்சட்டையில் துடைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். எழும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. கட்டிலில் கிடந்தவரின் முகத்தை ஒருதரம் பார்த்தார். அருளம்பலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி? என்ன தெரிஞ்சது?"

"ஒண்டுமில்லை அம்மா. நான் றிப்போட்டிலை போடுறன். ஆபத்தான மரம் எண்டு பிரதேச சபைக்கும் ஒரு கொப்பி அனுப்புறன்."

"அது வரைக்கும் நான் என்ன செய்யிறது?"

அவர் முற்றத்துக்கு இறங்கினார். மழைக்குள் நின்றே ஏதோ எழுதிவிட்டு, ஹெல்மெட்டைப் போடாமல் கையில் கொளுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஒழுங்கை முடக்கில் அதன் சத்தம் மறையும் வரைக்கும் கேதீஸ்வரி வாசல் படலையைப் பிடித்தபடி நின்றாள். தனக்குத்தான் விசர் பிடிக்கிறது என்று இத்தனை நாளும் எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். இனி அந்த ஆறுதலும் இல்லை.

அதற்குப் பிறகு அருளம்பலம் சாப்பாட்டைக் குறைத்தார். முதலில் பாதிக் கோப்பை கஞ்சி. பிறகு இரண்டு கரண்டி. பிறகு வாயைத் திறக்கவேயில்லை. ஆனால் மெலியவில்லை. கன்னத்தில் சதை வைத்தது, தோலில் மினுக்கம் வந்தது, ஒவ்வொரு முறை புரட்டும்போதும் அவர் முன்னையைவிடப் பாரமாக இருந்தார். படுக்கைப் புண் காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோசப்பட்ட அன்று, விரிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். வெள்ளையாக, பசையாக ஏதோ கசிந்திருந்தது. சுடுதண்ணீரால் துடைத்தாள், போகவில்லை. சவர்க்காரம் போட்டாள், விரல்களுக்கிடையில் இன்னும் இழுபட்டது. யோசிக்காமலே குசினிக்குப் போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து தடவினாள். உடனே கழன்று வந்தது.

எண்ணெய்ப் போத்தலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஆயுள் முழுக்கப் பலாக்காய் வெட்டிய கை. அது என்ன பால் என்று அவளுடைய கைக்கு அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை அவரைப் புரட்ட முடியவில்லை.

தோளைப் பிடித்து இழுத்தாள். இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள். அவர் அசையவில்லை. முதுகுக்கும் மெத்தைக்கும் இடையில் கையை நுழைத்துத் தடவினாள். ஈரம். எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு, விரல் தடிப்பில், சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக ஒன்று. மெத்தையைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. அது முடியும் இடத்தைத் தேடி விரல்களை மேலே நகர்த்தினாள்.

அது முடியவில்லை. புண் இருந்த இடத்தில் பட்டையும் தோலும் ஒன்றாகி, எது எது என்று தெரியாமல் வழுவழுவென்று சேர்ந்திருந்தது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். சீமெந்து பூவாக விரிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஆறேழு வேர்கள் நேராக மேலே, கட்டில் சட்டங்களுக்கு இடையால்.

 குசினிக்குப் போனாள், மரக்கறி வெட்டும் கத்தியை எடுத்தாள், வந்து குனிந்து, ஓரத்தில் இருந்த மெல்லிய வேரில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். மேலே கட்டில் உதறியது. எழும்பிப் பார்த்தபோது அருளம்பலத்தின் வாய் முழுதாகத் திறந்திருந்தது. சத்தம் இல்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கண்களால் தண்ணீர் ஓடியது. இடது கை காற்றில் துழாவி அவளுடைய சட்டையைப் பிடித்து இறுக்கியது. அவருடைய உதடுகள் நீலம் பாரிக்கத் தொடங்கின.

கத்தியை எறிந்துவிட்டுத் துவாயைக் கிழித்து, கட்டிலுக்குக் கீழே படுத்தபடி, அந்த வேரின் வெட்டை இறுக்கிக் கட்டினாள். பால் கையெல்லாம் வழிந்தது. அது நின்ற பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

அன்று பின்னேரம் ஆரபி வீடியோ அழைப்பு எடுத்தாள்.

"பிள்ளை, அப்பாவுக்கு… அப்பாவிலை ஒரு…"

"என்னம்மா? கமெராவை அப்பாட்டைக் காட்டுங்கோ." காட்டினாள். ஆரபி சிரித்தாள். "அப்பா எவ்வளவு தெளிஞ்சிட்டார்! முகம் பழையபடி வந்திட்டுது. நீங்கள்தான் நித்திரை இல்லாமல் காஞ்சுபோனியள் அம்மா."

கமெராவை முகத்துக்குக் கீழே கொண்டுபோகக் கேதீஸ்வரியின் கை மறுத்துவிட்டது. அம்புலன்சுக்கு எடுக்க நம்பரை அழுத்திவிட்டு, மறுமுனையில் குரல் வந்ததும் வைத்துவிட்டாள். வந்தால் தூக்குவார்கள். தூக்குவதென்றால் அறுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னமே முடிந்துவிடும். மிஞ்சியது ஒரே வழிதான். மரம் நிற்க வேண்டும். மரம் நிற்கும் வரைக்கும் அவர் இருப்பார். எப்படியான இருப்பு என்று யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அடுத்த நாள் காலை கதவைச் சாத்திவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு ஓட்டோவில் போனாள். கண்ணாடி போட்ட நிரோஜினி என்ற கிளாக்கர் பைலை எடுத்துப் புரட்டினாள்.

"சந்தோசமான சேதி அம்மா. உங்கடை பெர்மிட் பாஸாகிட்டுது."

"எனக்கு வேண்டாம் பிள்ளை. விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்க வந்தனான். மரம் நிக்கட்டும்."

"ஏன் அம்மா? நீங்கள்தானே அந்தரப்பட்டுக் கேட்டனீங்கள்?"

கேதீஸ்வரி வாயைத் திறந்தாள். பக்கத்து வாங்கில் ஆட்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். மேலே மின்விசிறி சுற்றியது. 

"அவருக்கு அந்த மரத்திலை உயிர்" என்றாள்.

நிரோஜினியின் முகம் இளகியது. "விளங்குது. ஆனால் ஆபத்தான மரம் எண்டு றிப்போட் வந்திட்டுது. கரண்ட் வயருக்கு மேலையும் நிக்குதாம். இனி அது உங்கடை விருப்பம் இல்லை அம்மா, சபை கட்டாயம் வெட்டத்தான் வேணும். வேண்டாமெண்டால் நீங்கள் மேன்முறையீடு எழுதித் தரலாம். பதினாலு நாளிலை பாப்பினம்."

"எழுதித் தாறன். இப்பவே தாறன். அது வரைக்கும் வெட்டமாட்டினம்தானே?"

நிரோஜினி தொலைபேசியை எடுத்து யாரோடோ கதைத்தாள். ஓம், ஓம் என்றாள். வைத்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"அவை காலமையே வெளிக்கிட்டிட்டினமாம் அம்மா. இப்ப உங்கடை வீட்டடியிலைதான் நிக்கினமாம்."

ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பும் முன்னமே வாளின் சத்தம் கேட்டது. மெசின் வாள். ஏறி, இறங்கி, திரும்ப ஏறியது. படலை கழற்றி வேலியோடு சாத்தப்பட்டிருந்தது. முற்றத்தில் மரம் ஏற்ற வந்த உழவு இயந்திரப் பெட்டி. கரண்ட் வயர்ப் பக்கக் கொப்புகள் எல்லாம் தறித்து விழுத்தப்பட்டு, வளவு முழுக்கப் பச்சை இலையும் வெள்ளைப் பாலுமாகக் கிடந்தது. அடிமரத்தில் வடக்கயிறு கட்டி நான்கு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நிப்பாட்டுங்கோ! அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

மேற்பார்வை செய்த மரியரட்ணம் என்ற வயதான மனிதர் கையை உயர்த்த, வாள் அடங்கியது. அவர் சட்டைப்பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார்.

"பெர்மிட் கையிலை இருக்குத் தங்கச்சி. உங்கடை கையெழுத்தும் கிடக்கு."

"வேண்டாம். நான் எழுதிக் குடுத்திட்டு வாறன். அவர் உள்ளுக்கை கிடக்கிறார், அவருக்கு…"

"தெரியும், கிராம சேவகர் பிள்ளை சொன்னவ. ஒண்டுக்கும் பயப்பிடாதையுங்கோ. மரம் மற்றப் பக்கம்தான் விழும். வீட்டிலை ஒரு ஓடு அசையாது."

"உள்ளை வந்து ஒருக்காப் பாருங்கோ அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன்."

"கொப்பெல்லாம் ஒரு பக்கம் தறிச்சாச்சு. இப்ப விட்டால் பாரம் இழுத்து வீட்டுக்கு மேலைதான் சரியும். முடிச்சிட்டு வாறன்."

அவள் போய் அடிமரத்தோடு சாய்ந்து நின்றாள். கோபமாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் வந்து, குழந்தையை விலத்துவது போல, முழங்கைகளில் பிடித்து மெதுவாக விறாந்தைக்குக் கூட்டி வந்து விட்டார்கள். "அவரோடை போய் இருங்கோ அம்மா. சத்தத்துக்கு வெருளுவார்" என்றான் ஒருவன்.

கதவைத் தள்ளினாள்.

அருளம்பலத்தின் இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சமாக இருந்த கை. தோளில் விரிப்பு நனைந்திருந்தது. வெள்ளையாக. விரல் நுனிகளால் பால் சொட்டுச் சொட்டாகச் சீமெந்தில் விழுந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் அவருடைய கண்கள் அவளிலேயே நின்றன.

"இஞ்சருங்கோ. நான் சொல்லிப் பாத்தன். கேக்கினமில்லை."

கட்டிலில் இருந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். வெளியே கயிற்றை இழுத்து இறுக்கும் சத்தம். யாரோ எதற்கோ சிரித்தார்கள். எஞ்சின் ஒருதரம் உறுமி நின்றது. திரும்ப உறுமியது.

பிறகு அது மரத்துக்குள் இறங்கியது.

சுவர் அதிர்ந்தது. கட்டில் அதிர்ந்தது. அவளுடைய கைக்குள் இருந்த கை அதிர்ந்தது. பழ வாசம் மூச்சு முட்ட எழும்பியது. யன்னலால் மஞ்சள் மரத்தூள் பறந்து வந்து விரிப்பில், அவருடைய தலைமயிரில், அவளுடைய உதட்டில் படிந்தது. துப்பினாள். இனித்தது.

கட்டிலுக்குக் கீழே ஏதோ முறிந்தது.

அவருடைய தலை தலையணையை விட்டு எழும்பியது.

தோள் எழும்பியது.

பத்து மாதமாக எழும்பாத உடம்பு. முதுகோடு மெத்தையும் எழும்பியது. அதோடு வேர்களும். நிமிர்ந்து இருந்தார். வாய் மெல்லத் திறந்தது. இன்னும் திறந்தது.

வெளியே யாரோ, "வாளை நிப்பாட்டு! நிப்பாட்டடா!" என்று கத்தினார்கள்.

கேதீஸ்வரி யன்னலால் பார்த்தாள். கயிறு நிலத்தில் கிடந்தது. நான்கு பேரும் பின்னுக்குப் போய் வேலியோடு நின்றார்கள். பாதி அறுந்த மரம் நின்றது. மரியரட்ணம் தலைத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். வாள்காரனின் கையில் வாள் தொங்கியது. அதன் சங்கிலி அசையவில்லை. எல்லோரும் அறைக்குள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாள் அணைந்திருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

ஏறி, இறங்கி, திரும்ப ஏறியது. அவளுக்கு ஒரு முழம் தள்ளி, திறந்த வாய்க்குள்ளிருந்து வந்தது. அவருடைய தொண்டை அதிர்ந்தது. பல் அதிர்ந்தது. கண்கள் மட்டும் அவருடையவை. அவை அவளையே பார்த்தன, எதையோ கேட்பது போல. அவருடைய விரல்கள் அவளுடைய கையை இறுக்கின.